முள்ளெலி ஓட்டில் வட்டத் துளை: சங்கு எப்படி வேட்டையாடுகிறது?

கேள்வி இதுதான்: கரையில் பொறுக்கிய கடல் முள்ளெலி ஓட்டில் வட்டமாக ஒரு துளை இருக்கிறது. "சங்கு தின்ன ஓடு அது" என்று பக்கத்தில் நின்ற மீனவர் சொல்லியிருக்கிறார். உடம்பு முழுக்க முள்ளாக இருக்கும் ஒன்றை, கையும் நகமும் இல்லாமல் ஊர்ந்து போகிற சங்கு எப்படித் தின்னும்?

மீனவர் சொன்னது முழுக்க நடக்கக்கூடியது. முள்ளெலிகளைத் தின்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு சங்குக் குடும்பம் கடலில் இருக்கிறது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் துளை அதன் வேலைதானா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கரையில் கிடைக்கும் ஓடுகளில் பாதிக் குழப்பம் அங்கேதான்.

செத்துக் காய்ந்த உருண்டை முள்ளெலி ஓட்டில் இயல்பாகவே இரண்டு பெரிய திறப்புகள் உண்டு. அடிப்பக்கம் நடுவில் இருப்பது வாய். உயிரோடு இருக்கும்போது அதை ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கும், நடுவில் ஐந்து பற்கள் எட்டிப் பார்க்கும். செத்தபின் தோல் அழுகி, பல் அமைப்பும் கழன்று விழுந்து, பெரிய வட்ட ஓட்டை மிஞ்சும். நேர் மேலே உச்சியில் இருப்பது கழிவு வெளியேறும் இடம். அதைச் சுற்றியுள்ள சிறு தகடுகள் உதிர்ந்துவிட்டால் அங்கேயும் ஒரு திறப்பு தெரியும். இந்த இரண்டும் ஓட்டின் அச்சில், சரியாக மேலும் கீழுமாக இருக்கும். இவற்றைச் சங்கு போட்டதாக நினைத்துவிடக் கூடாது. தட்டையான முள்ளெலி வகையான மணல் டாலர் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். அந்த ஓட்டில் சில வகைகளுக்குப் பிறவியிலேயே நீள்வட்டக் கீறல்கள் இருக்கும். நம் கரைகளில் கிடைக்கும் எகினோடிஸ்கஸ் வகைக்குப் பின்பக்கம் இரண்டு இருக்கும். அவை ஒன்றுக்கொன்று ஒத்த இடத்தில், விளிம்பு மழுங்கி வழவழப்பாக இருக்கும்.

சங்கு போட்ட துளை வேறு மாதிரி. பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அச்சில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி, தகடுகளின் எல்லைக் கோட்டைப் பற்றிக் கவலையே படாமல் நடுவில் வெட்டிக்கொண்டு போயிருக்கும். ஏறக்குறைய வட்டம், ஆனால் கருவி வைத்து வரைந்த வட்டம் இல்லை. விளிம்பில் சிறுசிறு பிசிறுகள் தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் வெளிவிளிம்பைப் பாருங்கள். அங்கே ஓட்டின் மேற்பரப்பு லேசாக அரித்துப் போனது போல மங்கலாக இருந்தால், சுரண்டிய கோடுகளும் தெரிந்தால், சந்தேகமே வேண்டாம். நண்டோ மீனோ உடைத்த ஓடு இப்படி இருக்காது. அதில் ஒரு பக்கமே நொறுங்கிப் போயிருக்கும்.

சரி, யார் இந்தச் சங்கு?

காசிடே என்கிற குடும்பம். பொதுவில் ஹெல்மெட் சங்கு என்பார்கள். கனத்த, உருண்டு திரண்ட ஓடு. அடிப்பக்கம் அகலமாக விரிந்து தட்டையாக இருக்கும் பளபளப்பான கேடயம். அதன் நடுவே நீளமான, குறுகிய வாய். அலங்காரப் பொருளாக நிறைய வீடுகளில் கண்ணாடி அலமாரியில் இருப்பது இதுதான். கொம்பு ஹெல்மெட் எனப்படும் காசிஸ் கார்னூட்டா நம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வாழ்வது. இந்தக் குடும்பத்தின் பெரிய சங்குகளில் அதுவும் ஒன்று, 30 சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் கடல்களில் இருக்கிறது. இதைவிடச் சிறிய ஃபேலியம், செமிகாசிஸ் இனங்கள் நம் கரையோரத்தில் இழுவலையில் சிக்கி அடிக்கடி மேலே வருகின்றன. நீங்கள் கண்ட துளை சிறியதாக இருந்தால் இந்தச் சின்ன இனங்களில் ஒன்றின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இவை வேட்டையாடும் விதத்தை நன்றாகக் கவனித்து எழுதியது கரீபியன் கடலில் வாழும் காசிஸ் டூபரோசா என்ற இனத்தைப் பற்றித்தான். ஆர். என். ஹ்யூஸும் எச். பி. ஐ. ஹ்யூஸும் 1971 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1981 இல் மொத்தக் குடும்பத்தையும் எடுத்துக்கொண்டு இன்னொன்று. முள்ளெலித் தீனி பற்றி இன்று எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த இரண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் கீழே சொல்வதும் பெரும்பாலும் அந்தக் கரீபியன் சங்கைப் பற்றியதுதான். குடும்பம் ஒன்று, உடலமைப்பு ஒன்று என்பதால் நம் கடலில் உள்ளவற்றுக்கும் அடிப்படை பொருந்தும்.

பகலில் இந்தச் சங்கு மணலில் புதைந்து கிடக்கும். பவளப்பாறைக்குப் பக்கத்து மணல்வெளி, கடல்புல் திடல், இவைதான் அதன் இடம். பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். கண் இருக்கிறது, ஆனால் வேட்டைக்கு அது உதவுவதில்லை. மணம்தான் எல்லாம். ஓட்டின் முன்பக்கமுள்ள சிறு வளைவு வழியாக ஒரு குழலை நீட்டி, நீரை உள்ளே இழுத்து, உள்ளே இருக்கும் மோப்ப உறுப்பில் ஓடவிடும். நீரோட்டத்துக்கு மேல்பக்கம் முள்ளெலி இருந்தால் அதன் வாடை வந்துவிடும். பிறகு அந்தத் திசையில் அவசரப்படாமல் ஊரத் தொடங்கும்.

முள்ளெலிக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் வந்ததும் நடப்பதுதான் பார்க்க வேண்டியது. சங்கு தன் சதைப்பற்றான பாதத்தின் முன்பகுதியைத் தரையிலிருந்து தூக்கி உயர்த்துகிறது. பாதத்தின் பின்பகுதியில் ஊன்றிக்கொண்டு, அத்தனை கனத்த ஓட்டையும் சுமந்தபடி, முள்ளெலிக்கு மேலாக முன்னேறி, அப்படியே அதன் மேல் இறங்குகிறது. பாதம் விரிந்து முள்ளெலியை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. தப்பிக்க வழியில்லாமல் அதைத் தரையோடு வைத்திருப்பது பெரும்பாலும் சங்கின் எடைதான்.

முட்கள் குத்தாதா என்பதுதான் எல்லோரும் கேட்பது. டயடீமா என்கிற கருப்பு முள்ளெலியின் முள் ஒரு சாணைவிட நீளமாக வளரக்கூடியது. ஊசிமுனை, சிறு செதில்கள், தொட்டால் உள்ளே நுழைந்து ஒடியும் தன்மை. தெரியாமல் மிதித்தவர்களுக்கு அந்த வலி தெரியும். ஆனால் ஹெல்மெட் சங்கு அந்த டயடீமாவையே தின்கிறது. அதன் பாதத்துத் தோல் தடிப்பானது, கொழகொழப்பான பசையால் மூடியது. முட்களாலோ அவற்றின் நஞ்சாலோ அது பின்வாங்குவதாகத் தெரிவதில்லை. நீண்ட முட்கள் எடையில் சாய்ந்துவிடும், சில ஒடியும்.

அதைவிட முக்கியமானது அதன் எச்சில். 1963 இல் கார்ன்மன் என்பவர் காசிஸ் சங்கின் உமிழ்நீரின் நச்சுத்தன்மை பற்றி எழுதினார். முள்ளெலியின் மேல் அது பட்டதும் முட்களை ஆட்டும் தசைகள் செயலிழக்கின்றன. முள்ளெலியின் முள் நம் நகம் மாதிரி சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சிறு குமிழ்மேல் மூட்டு வைத்துப் பொருந்தி, சுற்றிலும் தசை வளையத்தோடு, தனித்தனியாகத் திரும்பக்கூடியது. எதிரி எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் முட்கள் சாய்ந்து முனைகளை நீட்டும். முட்களுக்கு நடுவே மூன்று தாடை கொண்ட சின்னச் சின்ன இடுக்கிகள் வேறு இருக்கின்றன, சில இனங்களில் நஞ்சோடு. இந்த ஏற்பாடு முழுவதும் நரம்பும் தசையும் வேலை செய்தால்தான் பயன்படும். சங்கு முதலில் அடிப்பது அந்த இடத்தில்தான். மரத்துப்போன பகுதியில் முட்கள் தொய்ந்து கிடக்கும், அவற்றை விலக்கிவிட்டு ஓட்டின் வெற்றுப்பரப்பை எட்டிவிடலாம்.

அப்புறம் துளை. இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சங்கின் வாய் ஒரு நீளமான துதிக்கையின் நுனியில் இருக்கிறது. வேண்டாதபோது உள்ளே சுருண்டு மடங்கிவிடும், வேண்டும்போது வெளியே நீளும். நுனியில் ராடுலா. மெல்லிய நாடாவில் வரிசைக்கு ஏழு பற்களாக, வரிசை வரிசையாக அடுக்கிய அரநாக்கு அது. பற்கள் கைட்டின் என்ற பொருளால் ஆனவை. அதே துதிக்கை வழியாகவே சுரப்பிகளின் நீரும் வருகிறது. அந்த நீரில் இருப்பது கந்தக அமிலம்.

ஆமாம், பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே அமிலம்தான். ஓர் உயிர் அதைத் தன் உடம்புக்குள் தயாரித்து வைத்திருக்கிறது என்பதை 1854 இல் கண்டுபிடித்தவர் ட்ரோஷெல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர். சிசிலித் தீவின் மெஸினாவில் அவர் கையிலிருந்த பெரிய டன் சங்கு ஒன்று, இன்று டோனா கேலியா எனப்படுவது, தெளிவான ஒரு நீரைப் பீய்ச்சியது. அது சுண்ணாம்புக் கல் தளத்தில் விழ, விழுந்த இடம் நுரைத்துப் பொங்கியது. சோதித்துப் பார்த்தபோது அதில் சில சதவீதம் அளவுக்குக் கந்தக அமிலம் இருந்தது. டன் சங்கும் ஹெல்மெட் சங்கும் நெருங்கிய உறவு. அந்த அமிலச் சுரப்பி இரண்டுக்கும் உண்டு.

இப்போது முள்ளெலி ஓட்டின் பக்கம் வாருங்கள். அது சிப்பி ஓடு போல ஒரே கட்டியான சுண்ணாம்பு இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு தகடும் கம்பி வலை பின்னியது போன்ற முப்பரிமாணச் சல்லடையாக இருக்கும். சல்லடையின் இடுக்குகளில் உயிருள்ள திசு நிரம்பியிருக்கும். ஏனென்றால் இது வெளியே போர்த்த ஓடு இல்லை, மேலே மெல்லிய தோல் மூடிய உள்ளெலும்பு. பொருள் கால்சியம் கார்பனேட், அதிலும் மக்னீசியம் கலந்த கால்சைட். மக்னீசியம் கூடக்கூட அமிலத்தில் கரைவது எளிது. சல்லடை அமைப்பு முள்ளெலிக்குக் குறைந்த எடையில் நல்ல பலம் தருகிறது, விரிசல் ஓடாமல் தடுக்கிறது. நண்டின் கிடுக்கிக்கு எதிராக அருமையான வடிவம். ஆனால் அமிலத்துக்கு எதிராக அதுவே பலவீனம். கட்டியான கல்லில் அமிலம் மேற்பரப்பை மட்டும் தொடும், சல்லடையில் எல்லாப் பக்கமும் புகுந்துவிடும்.

அமிலம் பட்டதும் கார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, அந்த இடம் தளர்கிறது. தளர்ந்ததை அரநாக்கு சுரண்டுகிறது. பற்கள் கைட்டினால் ஆனதால் அமிலத்தில் சுண்ணாம்பு போலக் கரைந்து போவதில்லை. அமிலமும் பல்லும் மாறி மாறி. இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு வேகத்தில் வேலை முடியாது.

இன்னொரு நுட்பம். சங்கு துளையின் முழுப் பரப்பையும் அரைத்துப் பொடியாக்குவதில்லை. வட்டத்தின் சுற்றுக்கோட்டில் மட்டும் பள்ளம் பறிக்கிறது. பள்ளம் ஆழமாகி மறுபக்கம் எட்டியதும் நடுவிலுள்ள வில்லை அப்படியே கழன்றுவிடும். கதவில் பூட்டுக்குத் துளை போடும் தச்சர் வட்ட ரம்பம் வைத்து விளிம்பை மட்டும் அறுத்து நடுக்கட்டையைத் தட்டி எடுப்பாரே, அந்த வேலை. அறுக்க வேண்டிய அளவு மிகக் குறைவு என்பதால் நேரமும் குறைவு. பெரிய ஹெல்மெட் சங்கு ஒரு முள்ளெலியைத் துளைக்கப் பத்து நிமிடம் அளவில்தான் எடுக்கிறது. சிப்பியில் துளை போடும் நாட்டிகா வகைச் சங்குகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு வேகம் என்று புரியும். அவை ஒரு சிப்பியைத் துளைக்கப் பல மணி நேரம் உட்கார்ந்திருக்கும். அவற்றின் துளை சாய்வான விளிம்போடு கிண்ணம் மாதிரி அழகாக இருப்பதும், ஹெல்மெட் சங்கின் துளை கொஞ்சம் கரடுமுரடாக இருப்பதும் இந்த வேலைமுறை வித்தியாசத்தால்தான்.

உள்ளே நுழைந்தபின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். துதிக்கை நீளமானது, வளைந்து நெளிந்து எல்லா மூலைக்கும் போகக்கூடியது. முள்ளெலியின் உள்ளே பெரும்பகுதி வெறும் திரவம்தான். சத்து இருப்பது குடலிலும், மேற்பாதியில் தொங்கும் ஐந்து சினைப் பைகளிலும். ஜப்பானியர்கள் விலை கொடுத்து வாங்கித் தின்பதும் அந்தச் சினையைத்தான். சங்கு எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு நகர்ந்து போய்விடும். ஓடு கிடக்கும். சில நாளில் முட்கள் உதிரும், தோல் அழுகும், அலை அதை உருட்டிக் கரைக்குக் கொண்டுவரும். உங்கள் கையில் இருப்பது அநேகமாக இந்த வழியில் வந்ததுதான்.

முள்ளெலி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். டயடீமா முட்களில் ஊன்றிக் குழல்கால்களால் இழுத்து நகரும். அவசரத்தில் அது ஓடும் வேகம் பார்க்காதவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1970 இல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நசுக்கிய டயடீமாவின் சாறு நீரில் கலந்து வந்தால், கீழ்நீரோட்டத்தில் உள்ள டயடீமாக்கள் அந்த இடத்தை விட்டு ஓடுகின்றன. அதாவது ஒன்று துளைக்கப்படும்போதே அதன் உடம்பிலிருந்து கசியும் வாடை மற்றவற்றுக்கு எச்சரிக்கை. இரை வாசனையைச் சங்கு எந்த நீரோட்டத்தில் பிடிக்கிறதோ, அதே நீரோட்டத்தில் ஆபத்தின் வாசனையை முள்ளெலியும் பிடிக்கிறது.

ஆனாலும் இடம்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. சங்கு மணலுக்கும் கடல்புல்லுக்கும் ஏற்றது. பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் முள்ளெலியின் மேல் அது ஏறி இறங்க முடியாது, அமுக்க முடியாது. அதனால் மணல்வெளி நடுவே தனித்தனியாக நிற்கும் சிறு பவளத் திட்டுகள் டயடீமாவுக்கு அடைக்கலம். கரீபியனில் ஆய்வு செய்த லெவிட்டனும் ஜெனோவீஸும் 1989 இல் எழுதியதும் இதைத்தான். பாறையை விட்டு மணலுக்கு இறங்கி மேயப் போகும் முள்ளெலிதான் மாட்டுகிறது. மணல் டாலருக்கும் இதய முள்ளெலிக்கும் இந்த வசதியும் கிடையாது. மணலே அவற்றின் வீடு. புதைந்து கிடப்பது மட்டும்தான் அவற்றின் பாதுகாப்பு, அதுவும் தானே மணலில் புதையத் தெரிந்த எதிரியிடம் பெரிதாக எடுபடாது. மத்தியதரைக் கடலின் கேலியோடியா எகினோஃபோரா என்ற ஹெல்மெட் சங்கு மணலுக்குள் வாழும் இதய முள்ளெலியைத் தேடிப்பிடித்துத் தின்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா 1965 இல் தன் மாநிலச் சங்காக அறிவித்த ஸ்காட்ச் பானெட், அதாவது செமிகாசிஸ் கிரானுலேட்டா, மணல் டாலர்களைத் தின்பது. செங்கடலில் எகிப்தின் சஃபாகா விரிகுடாவில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத குட்டி முள்ளெலி ஓடுகளிலும் இந்த வகைத் துளைகளைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

முள்ளெலி, நட்சத்திர மீன், கடல் அட்டை எல்லாம் அடங்கிய முட்தோலிகளைத் தின்னும் சங்குகள் இன்னும் உண்டு, குழப்பிக்கொள்ளாமல் இருக்க அவற்றையும் சொல்லிவிடுகிறேன். டன் சங்கு அதே அமிலத்தை வைத்திருந்தாலும் அதன் முக்கிய இரை கடல் அட்டை, அதை முழுதாகவே விழுங்கிவிடும். ட்ரைடன் சங்கு நட்சத்திர மீன்களைத் தின்பது. பவளத்தை அழிக்கும் முள்கிரீட நட்சத்திர மீனையும் விடாது என்பதால்தான் ஆஸ்திரேலியாவில் அதன்மேல் இவ்வளவு அக்கறை. அது ஓட்டில் நேர்த்தியாகத் துளை போடும் வேலைக்குப் போகாது, தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். யூலிமிடே என்ற குடும்பம் வேறு ரகம். அரிசியளவுக்கு, சில அதைவிடப் பெரிதாக இருக்கும் வெள்ளைப் பளபளப்புச் சங்குகள் முள்ளெலியின் மேலேயே குடியிருந்து, ஊசி மாதிரித் துதிக்கையை உள்ளே செலுத்தி உடல் திரவத்தை உறிஞ்சும். இது ஒட்டுண்ணி வாழ்க்கை. பொதுவாக முள்ளெலி சாவதில்லை. ஓட்டில் மிகச் சிறிய துளையோ, சுற்றிலும் வளர்ச்சி மாறிப்போன தழும்போ இருந்தால் அது யூலிமிட் வேலையாக இருக்கலாம். ஹெல்மெட் சங்கின் துளையைச் சுற்றி இப்படி ஆறிய தழும்பு இருக்காது. ஆறுவதற்கு அங்கே உயிர் மிஞ்சுவதில்லை.

துளையுள்ள ஓடு கரையில் மட்டும் கிடைப்பதில்லை, கல்லிலும் கிடைக்கிறது. முள்ளெலி ஓடு நன்றாகப் புதைபடிவமாவது. அதிலுள்ள துளையும் அப்படியே நிற்கும். இரை யார், வேட்டையாடியது எந்த வகை, துளை எந்த இடத்தில், எவ்வளவு பெரிது என்பதையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் படித்துவிடலாம். வேட்டைக்கு இவ்வளவு தெளிவான சாட்சி தொல்லுயிரியலில் அபூர்வம். ஹெல்மெட் சங்குகளின் குடும்பம், டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டமான கிரிட்டேசியக் காலத்தில் தலைகாட்டுகிறது. முள்ளெலிகளின் மேல் துளைவேட்டை உண்மையில் சூடுபிடிப்பது டைனோசர்கள் அழிந்ததற்கு அப்புறம், செனோசோயிக் காலத்தில்தான் என்று 2021 இல் வெளியான ஓர் ஆய்வு பெரிய அளவில் ஓடுகளை ஆராய்ந்து காட்டியது. சிப்பி, சங்குகளின் மேலான வேட்டை அதற்கு முன்பே தீவிரமாகிவிட்டது. முள்ளெலிகளின் முறை தாமதமாக வந்திருக்கிறது.

இதை வைத்துத் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. அரியலூர், பெரம்பலூர் பகுதியின் கிரிட்டேசியப் பாறைகளில் முள்ளெலிப் புதைபடிவங்கள் உண்டு. தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா 1873 இலேயே தென்னிந்தியக் கிரிட்டேசிய முட்தோலிகளை விவரித்துப் பதிவு செய்திருக்கிறார். இந்தத் துளைப்பழக்கம் தொடங்கிய காலகட்டத்துப் பாறை நம் ஊரிலேயே கிடக்கிறது. கல்லூரிச் சேகரிப்புகளில் உள்ள ஓடுகளை எடுத்து, துளை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதே நல்ல ஒரு வேலை. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

அடுத்து வரும் கேள்வி: அப்படியானால் முள்ளெலிகளின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது இந்தச் சங்குகள்தானா? இதில் மிகைப்படுத்திச் சொல்பவர்கள் அதிகம், அதனால் கவனமாகச் சொல்கிறேன். பவளப்பாறை மேல் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது மீன்கள். கென்யாவில் மெக்லானஹன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில், கிளாத்தி மீன்கள் இருக்கும் பாதுகாக்கப்பட்ட இடங்களில் முள்ளெலி குறைவாகவும், அந்த மீன்களைப் பிடித்துத் தீர்த்துவிட்ட இடங்களில் முள்ளெலி பெருகிப் பவளத்தையே அரித்துத் தின்னும் அளவுக்குப் போனதும் தெரிந்தது. ஹெல்மெட் சங்கின் பங்கு மணலிலும் கடல்புல்லிலும், இரவு நேரத்தில். அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் அதற்கு ஈடான வேட்டைக்காரர்கள் அதிகம் இல்லை என்பதால் அந்தப் பங்கு சிறியதானாலும் எளிதில் வேறொன்றால் நிரப்பக் கூடியது இல்லை என்பது என் கருத்து.

முள்ளெலியை வில்லனாகவும் ஆக்கிவிடக் கூடாது. 1983 ஜனவரியில் பனாமா கால்வாயின் கரீபியன் வாய்ப் பக்கம் டயடீமாக்கள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. ஓராண்டு சொச்சத்தில் கரீபியன் முழுக்கப் பரவியது. பெரும்பாலான இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செத்துப்போயின. பாசி மேய ஆளில்லை. புயல், அதிக மீன்பிடிப்பு, அதோடு இந்தச் சாவும் சேர, ஜமைக்காவின் பாறைகளில் பவளத்தின் பரப்பு 1970களின் பிற்பகுதியில் பாதிக்கு மேல் இருந்தது 1990களின் தொடக்கத்தில் ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கி, பாறைகளைப் பாசி மூடிவிட்டது. 2022 இல் அங்கே மறுபடியும் ஒரு சாவு, அதற்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்று அடுத்த ஆண்டே கண்டுபிடித்தார்கள். முள்ளெலி பெருகினாலும் ஆபத்து, ஒழிந்தாலும் ஆபத்து. அந்த நடுநிலையில் மீனும் சங்கும் தத்தம் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தால்தான் பாறை பிழைக்கும்.

அதனால்தான் சங்குக் கடைகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. ஹெல்மெட் சங்கு அழகாக இருப்பதே அதற்குக் கேடு. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே டோரே டெல் கிரேக்கோ ஊரில் இந்தச் சங்குகளின் அடுக்கு நிறத்தைச் செதுக்கி முக உருவம் வடிக்கும் கேமியோ தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. காளைவாய் ஹெல்மெட் எனப்படும் சைப்ரகாசிஸ் ரூஃபாவும் கரீபியனின் பெரிய காசிஸ் இனங்களும் அதற்குப் போகின்றன. நம் பக்கம் அலமாரிப் பொருளாகவே நிறையப் போயிருக்கின்றன. பளபளப்பான ஓடு வேண்டுமென்றால் அதை உயிரோடு பிடித்துச் சதையை எடுத்தாக வேண்டும். கரையில் தானாக ஒதுங்கிய ஓடு அப்படிப் பளபளக்காது: நிறம் மங்கியிருக்கும், புழு துளைத்திருக்கும், உள்ளே சுண்ணாம்புக் குழாய்கள் ஒட்டியிருக்கும். கடையில் குறையே இல்லாத பெரிய ஹெல்மெட்டைப் பார்த்தால் அது மணலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது எடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 இல் சில சங்குகளையும் சிப்பிகளையும் சேர்த்தார்கள். காசிஸ் கார்னூட்டா, சைப்ரகாசிஸ் ரூஃபா, ட்ரைடன் சங்கு மூன்றும் அதில் உண்டு. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பதும் விற்பதும் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே எந்தச் சங்கையும் எடுக்கக் கூடாது. ஃபேலியம் போன்ற சின்ன இனங்கள் அட்டவணையில் இல்லை. இழுவலையில் தற்செயலாக வருபவை அவைதான் அதிகம். வலையை உதறும்போது உயிரோடு இருப்பதைத் திரும்பக் கடலில் போட்டுவிடும் மீனவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி.

உங்கள் ஓட்டுக்கு வருவோம். அது முள்ளெலி ஓடுதானே, சங்கு இல்லையே. கரையில் செத்துக் கிடந்ததை எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை, பூங்கா எல்லைக்குள் எடுக்காமல் இருந்தால் போதும். நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், துளையின் விளிம்பிலுள்ள சுரண்டல் கோடுகள் அதில் போய்விடும். பிறகு துளையின் குறுக்களவை இரண்டு திசையில் அளந்து, ஓட்டின் குறுக்களவையும் குறித்து, துளை மேற்பாதியிலா அடிப்பாதியிலா என்று எழுதிவையுங்கள். எடுத்த கரையின் பெயரும் தேதியும் கட்டாயம் வேண்டும். அதே கரையில் துளையில்லாத ஓடுகள் எத்தனை கிடந்தன என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள், துளையுள்ளவற்றை மட்டும் பொறுக்கினால் கணக்கு எதற்கும் உதவாது. ஒரே கரையில் இப்படிப் பல மாதம் குறித்து வைத்தால், பக்கத்துக் கடல் அறிவியல் துறையில் அதை ஆர்வமாக வாங்கிப் பார்க்க ஆசிரியர்கள் இருப்பார்கள்.